மடிப்பு விடாத கோட்டு

ஏன் சாமி, வளர்ற புள்ளைக்குத் துணி தைக்கும்போது கீழ மூணு விரல் உள்ள மடிச்சுத் தைக்கிறோமே, அது எதுக்குன்னு உனக்குத் தெரியுமா?

அடுத்த வருசம் பிரிச்சு விடலாம்னுதான். உன் பள்ளிக்கூடப் பாவாடைல நான் அஞ்சு விரல் விட்டிருக்கேன், நீ மூங்கில் கணக்கா வளர்றியேன்னு. அந்த மடிப்பை விடாம ஒரு கோட்டு தெச்சாங்க. அதனால ஒரு ராஜாவுக்கு என்ன ஆச்சுன்னு சொல்றேன், ம் கொட்டு. கொட்டலைன்னா தூங்கிட்டேன்னு நினைச்சு நிறுத்திடுவேன்.

"ம்."

ஆங். ஆறே ரோடாகிப் போற ஒரு ஊர்ல, ஒன்பது வயசுல ஒரு ராஜா.

ருஷ்ய தேசம்னு சொல்லுவாங்கல்ல, அங்க. மார்கழி வந்தா அங்க ஆறு கல்லா உறைஞ்சு போயிடும். அது மேல குதிரை போகும், வண்டி போகும், சந்தை கூடப் போடுவாங்க. மத்தியானம் மூணு மணிக்கே இருட்டிக்கிட்டு வந்துடும். ராஜான்னா சும்மா ராஜா இல்ல, சக்கரவர்த்தி. பேரு யூரி. உன் பாடப் புத்தகத்துல இவனைத் தேடாத, இவன் இந்தக் கதைல மட்டும்தான் இருக்கான்.

அவனோட அப்பா அம்மா ரெண்டு பேரும் ஒரே வருசத்துல போய்ச் சேர்ந்துட்டாங்க. மிச்சம் ஒரே ஒரு அக்கா, வேரா. அவளுக்குப் பதினொண்ணு. பொட்டப் புள்ளைக்கு முடி கிடையாதுன்னு சொல்லிட்டாங்க, அதனால தம்பி தலைல வெச்சாங்க. அப்புறம் ஒரு தாய்மாமன், புரோகோர்னு பேரு. நல்லா வாட்டசாட்டமா, தாடியைத் தடவிக்கிட்டு, எதுக்கெடுத்தாலும் சிரிக்கிற ஆளு. "நீ கையெழுத்துப் போட்டா போதும் மாப்ள, மத்ததையெல்லாம் மாமா பாத்துக்கறேன்," அப்படின்னார்.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். முடி சூட்டுற அன்னைக்குச் சக்கரவர்த்திக்கு ஒரு கோட்டு தெச்சுப் போடுவாங்க. ஆயுசுக்கும் அந்த ஒரே கோட்டுதான். பெரிய பாதிரியார் தண்ணி தெளிச்சு மந்திரிச்சுட்டா, அதுக்கப்புறம் அதுல கத்தரி படக் கூடாது, ஊசி படக் கூடாது. பகல்ல போட்டுக்கணும், ராவுல அதையே போர்த்திக்கணும். குளிக்கப் போறப்ப மட்டும் கழட்டலாம். இதுக்கு முன்னாடி முடி சூட்டிக்கிட்டவங்க எல்லாம் மீசை வெச்ச ஆம்பளைங்க, அதனால ஒரு தொந்தரவும் வந்ததில்ல. முதல் தடவையா இப்பத்தான் ஒரு சின்னப் பையன்.

நம்ம ஊர்ல தாய்மாமன் சீர் கொண்டு வர்ற மாதிரி, மாமா தட்டுல வெச்சு அந்தக் கோட்டைக் கொண்டு வந்தார். வெளிய கறுப்பு நரித்தோலு, உள்ள ரத்தச் சிவப்புல பட்டு, பத்து பொத்தான். யூரி கையை நுழைச்சான். சரக்னு போய் உக்காந்துச்சு. இம்மி கூடுதலும் இல்ல, இம்மி குறைச்சலும் இல்ல.

"அளவுன்னா இது அளவு," னு மந்திரிங்க எல்லாம் தலையை ஆட்டினாங்க.

வேரா மட்டும் கீழ குத்தவெச்சு உக்காந்து, கோட்டு விளிம்பைத் திருப்பிப் பாத்தா. மடிப்பு இல்ல. ஒரு நூல் துணி கூட உள்ள விடலை.

"மாமா, தம்பி வளர்ந்தா என்ன பண்றது?"

"வளர்ந்தாத்தானே," னு மாமா சிரிச்சார்.

எல்லாரும் சிரிச்சாங்க. யூரியும் சிரிச்சான். அவ மட்டும் அந்த விளிம்பை இன்னொரு தடவை திருப்பிப் பாத்தா.

"ம்."

ஒரு வருசம் போச்சு. வேரா பாவாடையை ரெண்டு தடவை பிரிச்சு விட்டாச்சு. யூரி கோட்டு அப்படியே பொருத்தமா இருந்துச்சு. இன்னொரு வருசம் போச்சு. அப்பவும் பொருத்தமாத்தான் இருந்துச்சு. முன்னெல்லாம் பக்கத்துல நின்னா தம்பி தலை அவ காது வரைக்கும் வரும். இப்போ தோளைத் தொடலை. வெளியூர்ல இருந்து வந்த தூதர் ஒருத்தர், "சக்கரவர்த்தியோட சித்திங்களா?" ன்னு அவகிட்டயே கேட்டுட்டார்.

அவளுக்குப் பயம் புடிச்சுக்கிச்சு. தம்பியைத் தனியாக் கூப்பிட்டு, "டேய், அதைக் கொஞ்ச நேரம் கழட்டி வையேன்," னா.

"மாட்டேன்க்கா. கழட்டினா எலும்பெல்லாம் குளுருது. போட்டுக்கிட்டா உள்ள யாரோ கட்டிப் புடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு. அம்மா புடிக்குமே, அப்படி."

தாயில்லாப் புள்ள இல்லையா. அதனால அவ வற்புறுத்தலை. ஆனா அவன் குளிக்கப் போன நேரத்துல, ஆணில தொங்கின அந்தக் கோட்டுக்குள்ள மெதுவாக் கையை விட்டுப் பாத்தா. வெதுவெதுன்னு இருந்துச்சு. கழட்டி அரைமணி நேரம் ஆகியும் வெதுவெதுன்னு. காதை வெச்சுக் கேட்டா. ஹ்ஹ்... ஹ்ஹ்... ஹ்ஹ். தூங்குற மாடு மூச்சு விடுற மாதிரி.

வெடுக்னு கையை எடுத்துட்டா.

அப்புறம் கோட்டைச் சாக்குல சுருட்டி எடுத்துக்கிட்டு தையல் அறைக்கு ஓடினா. அங்க சவ்வான்னு ஒரு தையக்காரர். அவளைப் பாத்ததும் ஊசியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, வேலை இருக்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டார்.

"இதைப் பிரிச்சு விடுங்க."

"மடிப்பு இருந்தாத்தானம்மா பிரிக்க."

"ஏன் விடலை? உங்க பேரனுக்கு இப்படித்தான் தெப்பீங்களா?"

"என் பேரனுக்கு ஒரு சாண் விடுவேன்," னு ஊசியை எடுத்துட்டு மெதுவாச் சொன்னார். "உங்க மாமாதான் விட வேண்டாம்னார். பையன் வளர்ந்துட்டா தானே ஆணை போட ஆரம்பிச்சுடுவானாம், அதனால இந்த அளவோட நிக்கணும்னார். கோட்டு அளவைச் சொல்றார்னு நினைச்சுட்டேன். ஆள் அளவைன்னு இப்பத்தான் புரியுது."

"சரி, புரிஞ்சுதுல்ல. வெட்டுங்க. பக்கத்துல துண்டு வெச்சுத் தெச்சு விடுங்க."

மந்திரிச்ச கோட்டுல கத்தரி பட்டா கழுத்து போயிடும். இருந்தாலும் அவருக்கு மனசு கேக்கலை. பெரிய கத்தரியை எடுத்தார், விளிம்புகிட்ட கொண்டு போனார். கத்தரி வாயைத் திறந்துச்சு. மூடலை. ரெண்டு கையாலயும் அமுக்கினார், நெத்தி நரம்பு புடைச்சுச்சு. மூடவே இல்ல. கோட்டுக்குள்ள இருந்து ஹ்ஹ்... ஹ்ஹ். கத்தரியைக் கீழ போட்டுட்டு, "எடுத்துட்டுப் போயிடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்," னுட்டார்.

இது முதல் தடவை.

"அப்புறம்?"

அப்புறம் அவளே உக்காந்தா. அடுத்த குளியல் அன்னைக்கு, தன்னோட மேல்சட்டையில இருந்து ஒரு பட்டை நரித்தோலை அறுத்து, கோட்டுக்குக் கீழ சுத்தி வெச்சுத் தெச்சா. நாப்பது தையல், ரெட்டை நூல், ஒவ்வொண்ணுக்கும் ஒரு முடிச்சு. விரலெல்லாம் ஊசி குத்தி ரத்தம். தெச்சு முடிச்சு, ஆணில மாட்டி, தம்பிக்குத் தேத்தண்ணி கொண்டு வரலாம்னு திரும்பினா. பொத்துனு சத்தம். திரும்பிப் பாத்தா, அந்தப் பட்டை தரையில கிடக்குது. பல்லி வாலைக் கழட்டிப் போட்டா துடிக்குமே, அப்படித் துடிச்சுக்கிட்டு. நூல் அறுந்திருந்தா நூலைப் பாக்கலாம். நூலையே காணோம். கோட்டு விளிம்புல ஊசி ஏறின ஓட்டை ஒண்ணு கூட இல்ல.

இது ரெண்டாவது தடவை.

மூணாவது தடவை அவ கோட்டைத் தொடவே இல்ல. தம்பியைத்தான் புடிச்சா.

"யூரி, ஆத்து மேட்டுல சறுக்கிட்டு வரலாமா?"

"கோட்டோடதானே?"

"கோட்டு போட்டுக்கிட்டுச் சறுக்கினா வேகம் வராது. பயமா இருந்தா விடு. நான் மட்டும் போறேன்."

பயம்னு சொன்னா எந்தப் பையன் சும்மா இருப்பான். கழட்டிப் போட்டுட்டு ஓடி வந்தான். பல்லு கடகடகடன்னு அடிச்சுக்குது, உதடு நீலமாப் போச்சு. அவ தன்னோட சால்வையைச் சுத்தி விட்டா. சர்ர்ர்னு சறுக்கினாங்க. ஏறினாங்க. சர்ர்ர். பனில உருண்டாங்க. ரெண்டு வருசத்துல அன்னைக்குத்தான் அவன் வாய்விட்டுச் சிரிச்சான். பொழுது மங்குற நேரம் பாத்தா, கால்சட்டைக்குக் கீழ கணுக்கால் தெரியுது. வந்தப்போ தெரியலை. ரெண்டு விரக்கடை வளர்ந்திருக்கான்.

"பாத்தியாடா. உன்னைப் புடிச்சு வெச்சிருந்தது அதுதான்."

அவன் கணுக்காலையே பாத்துக்கிட்டு நின்னான். "வலிக்குதுக்கா. ஆனா நல்லா இருக்கு," ன்னான்.

அன்னைக்கே அவனுக்குக் காய்ச்சல் வந்துடுச்சு. நெருப்பா கொதிக்குது உடம்பு. மாமா வந்தார், கோட்டை எடுத்துப் போத்தினார், பத்து பொத்தானையும் போட்டார். மூணாம் நாள் காய்ச்சல் விட்டுச்சு. அந்த ரெண்டு விரக்கடையும் போயிடுச்சு.

"தம்பியைக் கொல்லப் பாத்தா இவ," ன்னு மாமா எல்லார் முன்னாடியும் சொன்னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். ஆத்துக்கு அந்தக் கரையில ஒரு கன்னியர் மடம். வேராவை அங்க கொண்டு போய் விட்டுட்டாங்க. தம்பி முகத்தைப் பாக்கக் கூடாது, கடுதாசி போடக் கூடாது.

"ம்... பாவம்."

பாவந்தான். அங்க இருந்து பாத்தா அரண்மனை ஜன்னல் வெளிச்சம் மட்டும் தெரியும். ரெண்டு வருசம் அந்த வெளிச்சத்தைப் பாத்துக்கிட்டே இருந்தா. எந்த ஜன்னல் தம்பியோடதுன்னு கூடத் தெரியாது.

அந்த ஊர்ல தை மாசத்துல ஒரு பண்டிகை. உறைஞ்ச ஆத்து நடுவுல பனிக்கட்டியை அறுத்து ஒரு குழி வெட்டுவாங்க. அதுல தெரியிற தண்ணியைப் பாதிரியார் மந்திரிப்பார். ஊர் முழுக்க வந்து நிக்கும். சக்கரவர்த்தி சறுக்கு வண்டியில வந்து, முதல் கை தண்ணி குடிக்கணும். மடத்துல இருக்கிற கன்னியருங்களும் மெழுகுவத்தி புடிச்சுக்கிட்டு அந்தக் கரையில இருந்து நடந்து வருவாங்க. அவங்க நடுவுல முக்காடு போட்டுக்கிட்டு வேராவும் வந்தா. அவளுக்கு இப்போ பதினஞ்சு. நெடுநெடுன்னு வளர்ந்திருந்தா.

ஜல் ஜல் ஜல் ஜல். வண்டி வந்துச்சு.

மாமா முதல்ல இறங்கினார். அப்புறம் திரும்பி, யாரையோ தூக்கி இறக்கி விட்டார். ஏதோ கைக்குழந்தைன்னுதான் வேரா நினைச்சா. கறுப்பு நரித்தோல் கோட்டு. பத்து பொத்தான். கோட்டுக் கை நுனில விரல் தெரியலை. கீழ விளிம்பு பனில புரளுது.

ஆமா சாமி. கோட்டு பெருசாகலை. அவன் சிறுத்துக்கிட்டு வந்தான்.

"பாத்தீங்களா," ன்னு மாமா ஊர் கேக்கறாப்புல சொன்னார், "மடிப்பு விடலைன்னு அன்னைக்குக் குறை சொன்னாங்களே. இப்போ எவ்வளவு இடம் இருக்கு பாருங்க. தாராளமா வளரலாம்."

கூட்டம் சிரிச்சுது. சிரிக்காம என்ன பண்ணும். மாமாவோட இன்னொரு கையைப் புடிச்சுக்கிட்டு வேற ஒரு பையன் நின்னுக்கிட்டிருந்தான், அஞ்சு வயசு, கொழுகொழுன்னு. தூரத்துச் சொந்தம். எதுக்கு வந்திருக்கோம்னு தெரியாம மூக்கை உறிஞ்சிக்கிட்டு இருந்தான். யூரி தேஞ்சு ஒண்ணுமில்லாமப் போயிட்டா அடுத்தது அவன். கோட்டு தயாரா இருக்கே.

வேரா மெழுகுவத்தியைக் கீழ போட்டுட்டு நடந்தா. காவக்காரன் ஒருத்தன் குறுக்க வந்தான். "நான் அவனோட அக்கா," ன்னா. அவன் அவ உயரத்தைப் பாத்தான், அந்தப் புள்ளயைப் பாத்தான், என்ன தோணுச்சோ, விலகிக்கிட்டான்.

யூரி முகம் மட்டும் பதிமூணு வயசு முகம். கண்ணு அதுக்கும் மேல.

"வந்துட்டியாக்கா," ன்னான். குரல் சின்னப் புள்ளக் குரல். "நாளை எண்ணிக்கிட்டே இருந்தேன். இன்னும் ஒரு குளிர்காலம் தாங்க மாட்டேன் நான்."

அவ மண்டி போட்டா. அப்பத்தான் முகத்துக்கு முகம் பாக்க முடிஞ்சுது. "வா, உன்னைத் தூக்கிக்கிட்டு அந்தக் கரைக்கு ஓடிடறேன். கோட்டோடயே தூக்கிக்கறேன், குளிராது. மடத்துல ஒளிச்சு வெச்சுக்கறேன்."

"தூக்காத. தூக்கினா இன்னும் சின்னவனாயிடுவேன்." கோட்டுக்குள்ள தோளை அசைச்சுப் பாத்துட்டு, "கையை வெளிய எடுக்க முடியலை எனக்கு. நீ பொத்தானைக் கழட்டு," ன்னான்.

அவளுக்குத் தெரியும். அன்னைக்கு அரை நாள் கழட்டினதுக்கே காய்ச்சல். இன்னைக்கு மூச்சு விட்டா மூச்சே உறைஞ்சு பொலபொலன்னு உதிருது. கழட்டினா செத்துப் போவான். கழட்டலைன்னா தேஞ்சு போவான். இதுல எதுன்னு ஒரு அக்காகிட்ட கேட்டா அவ என்ன சொல்லுவா.

"யூரி, நிசமாத்தான் சொல்றியா?"

"ராஜா சொன்னா இன்னொரு தடவை கேக்கக் கூடாதுக்கா," ன்னு சிரிச்சான்.

அவ ஒரு பொத்தானைக் கழட்டினா. ரெண்டு. மூணு. கோட்டு இறுக்கிக்கிச்சு. ஹ்ஹ் ஹ்ஹ் ஹ்ஹ்னு வேகமா மூச்சு விடுது. மாமா ஓடி வர்றார், பனில வழுக்குது, "புடிங்கடா அவளை," ங்கிறார். ஒருத்தனும் அசையலை. எட்டு. ஒம்பது. பத்தாவது பொத்தான் வரமாட்டேன்னுச்சு, பல்லால கடிச்சுப் பிச்சா.

கோட்டு தொப்புனு விழுந்துச்சு.

அப்போ ஒரு சத்தம் கேட்டுச்சு. மடக். மடக். மடமடமடக். எல்லாரும் பனிக்கட்டிதான் உடையுதுன்னு கீழ பாத்தாங்க. பனிக்கட்டி இல்ல. அவன் எலும்பு. நாலு வருசத்து வளர்த்தி, அத்தனையும் ஒரே மூச்சுல வருது. கை நீளுது, காலு நீளுது, சட்டை தோள்ல கிழியுது. மண்டி போட்டிருந்த வேரா அண்ணாந்து பாத்தா. எந்திரிச்சு நின்னா, அப்பவும் அண்ணாந்துதான் பாக்க வேண்டியிருந்துச்சு. அவங்க அப்பாவோட உயரம். மாமாவை விட ஒரு தலை கூட.

"கோட்டைப் போடு மாப்ள," ன்னார் மாமா. இப்போ அவர் சிரிக்கலை. "செத்துப் போவ."

கோட்டு அங்க இல்ல.

சரக்... சரக்... சரக்... வெறும் கோட்டு, உள்ள ஆளில்லாத கோட்டு, ரெண்டு கையையும் ஊனிக்கிட்டுப் பனில தவழ்ந்து போகுது. அந்த அஞ்சு வயசுப் பையனைப் பாத்துப் போகுது. பையன் நகரலை. அது ரெண்டு கையையும் விரிச்சப்போ, அவனும் தூக்கச் சொல்லிக் கையை நீட்டினான்.

"அம்மா..."

இரு, இரு, பயப்படாத சாமி. அது அவனைப் புடிக்கலை. யூரிக்கு இப்போ நீளமான காலு இல்லையா. ஒரு எட்டு, ரெண்டு எட்டு. மூணாவது எட்டுல கோட்டைக் காலால ஒரே எத்து. போய்க் குழில விழுந்துச்சு. தொபுக். ரெண்டு கையும் கொஞ்ச நேரம் பனிக்கட்டி விளிம்பைப் புடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் வழுக்கி உள்ள போயிடுச்சு. தண்ணி கறுப்பாச் சுழிச்சு அடங்குச்சு. மாமா அந்தப் பொடியன் கையை எட்டிப் புடிச்சுக்கிட்டார்.

அப்போ யூரி தலையை நிமித்திப் பேசினான். குரல் உடைஞ்சு, கட்டைக் குரலா வந்துச்சு. அவனுக்கே புதுசு, அதனால தொண்டையைச் செருமிக்கிட்டான். "நான் போடுற ஒரே ஆணை இது. எல்லாரும் கேட்டுக்கங்க. இந்தத் தேசத்துல எந்தப் புள்ளைக்கும் மடிப்பு விடாம துணி தைக்கக் கூடாது. மாமா, முதல்ல அந்தப் பையன் கையை விடுங்க."

மாமா விட்டுட்டார். விடாம என்ன பண்ணுவார், ஊரே மண்டி போட்டு நின்னுச்சு. சவ்வா ஓடி வந்து அந்தப் பொடியனைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டுக் கூட்டத்துக்குள்ள போயிட்டார்.

வேரா சால்வையை எடுத்துத் தம்பி மேல போட்டா. அது அவன் தோளுக்கே பத்தலை.

"குளிருதாடா?"

"குளிருதுக்கா. நடக்கலாம் வா. எவ்வளவு தூரம் இந்தக் காலு போகுதுன்னு பாக்கணும்."

ரெண்டு பேரும் அந்தக் கரையைப் பாத்து நடந்தாங்க. பொழுது மங்கிட்டு வருது. கரக், கரக், கரக்னு பனி நொறுங்குற சத்தம். முதல்ல அவனோட எட்டுக்கு ஈடு கொடுக்க முடியாம அவ ஓடினா. "மெதுவாடா," ன்னா. சிரிச்சான். அப்புறம் அவளோட எட்டும் அவனோட எட்டும் ஒண்ணா இருந்துச்சு. அப்புறம் அவன் அவ தோள்ல கை போட்டுக்கிட்டான். அப்புறம் கையோட கனம் ஏறிக்கிட்டே வந்துச்சு. கரைக்கு இன்னும் பத்து எட்டு இருந்தப்போ, "இவ்வளவு பெரிய தேசம்னு எனக்குத் தெரியவே இல்லக்கா, மேல இருந்து பாத்தா எல்லாம் தெரியுது," ன்னு மெதுவாச் சொன்னான். அதுக்கப்புறம் பேசலை. பத்து எட்டையும் அவ அவனைத் தாங்கிக்கிட்டே நடந்து முடிச்சா.

சாயங்காலம் மடத்துல மணி அடிச்சாங்க. டாண்... டாண்.

தம்பியைப் படுக்க வைக்கன்னு சின்னதா ஒரு பெட்டி, பட்டுத் துணி வெச்சு, மாமா ஏற்கெனவே செஞ்சு வெச்சிருந்தாராம். கொண்டு வந்தாங்க. அதுல அவன் முழங்காலு வரைக்கும் கூட அடங்கலை. ஊர்த் தச்சனுங்க எட்டுப் பேர் கூடி, புதுசா ஒண்ணு செஞ்சாங்க. மீசை வெச்ச சக்கரவர்த்தி யாருக்கும் அந்த ஊர்ல அவ்வளவு பெரிய பெட்டி செஞ்சதில்லையாம்.

"... ம்."

கண்ணு சொக்குது பார். கதை கரையேறிடுச்சு, நீயும் உறக்கத்துல ஏறு. முழங்காலை முடக்கிக்கிட்டுப் படுக்காத சாமி, காலை நல்லா நீட்டிப் படு.